சக்கர நாற்காலியில் ஒரு கால்பந்து சீசன்: டர்பனிலிருந்து உள்ளூர், வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்வர முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு அமாசூலு கால்பந்து அணியைப் பின்தொடரும் மாற்றுத்திறனாளி ரசிகர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கோல்டன் ஆரோஸ் பக்கம் என்றாலும், கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் பக்கம் என்றாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். எனக்கு வீடு சாட்ஸ்வர்த்தில். போவது வருவது எல்லாம் சக்கர நாற்காலியில்தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் டிக்கெட்டை வாங்கிவிட்டு, பிறகு அந்த இருக்கைக்குப் போக வழி தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ராத்திரி வீட்டு வாசலுக்கு எப்படித் திரும்புவது என்பதில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். டிக்கெட் கிட்டத்தட்ட கடைசி வேலை.

1. உங்கள் தேவையை அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

நாற்காலியின் அகலத்தை, சக்கரத்தில் கை வைத்த நிலையில், அளந்து எழுதுங்கள். அதன் எடை, மடங்குமா மடங்காதா, மின்சார நாற்காலி என்றால் பேட்டரி எந்த வகை என்பதும் வேண்டும். எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், கழிப்பறையில் உதவி வேண்டுமா, கூட வருபவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. தொலைபேசியில் "வீல்சேர்" என்று மட்டும் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் நாலு படி நடந்து ஏறிவிடக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்துப் பதில் சொல்வார். "ஒரு படிகூட முடியாது" என்று எண்ணிக்கையோடு சொன்னால்தான் சரியான பதில் வரும். கைத்தடியோடு நடப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பார்த்தால் தெரியாத சிரமத்தை யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள்.

டாக்டரிடம் ஒரு சின்னக் கடிதமும் வாங்கிவையுங்கள். இன்சுலின் ஊசி, சிறுநீர்க் குழாய், மருந்துப் பாட்டில் எல்லாம் கேட் சோதனையில் நிறுத்தப்படும் சாமான்கள். கடிதம் இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.

2. எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுங்கள்

பிரீமியர்ஷிப் என்ற நம் நாட்டு முதல்நிலை லீக்கில் 16 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 30 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். ஆகஸ்டில் தொடங்கி மே வரை போகும். இதற்கு மேல் கோப்பை ஆட்டங்கள். அட்டவணை வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கட்டாதீர்கள். தொலைக்காட்சிக்காக நாளும் நேரமும் மாறும். சில சமயம் மைதானமே மாறும். புல்தரை வேலை, இசை நிகழ்ச்சி என்று ஏதாவது வந்தால் சொந்த ஊர் ஆட்டம் வேறு மைதானத்துக்குப் போய்விடும். நடக்கக்கூடிய ஒருவருக்கு அது வேறு பஸ் பிடிக்கிற விஷயம். நமக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும்.

முதல் ஆட்டமாக சீஃப்ஸோ பைரேட்ஸோ டர்பனுக்கு வரும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அன்று ரோடு அடைப்பு, கேட்டில் நெரிசல், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் மார்ஷல்களுக்கு நின்று பேச நேரமில்லை. வார நடுவில், கூட்டம் குறைவான ஓர் ஆட்டத்தில் மைதானத்தைப் பழகிக்கொள்ளுங்கள். லிஃப்ட் எங்கே, கழிப்பறை எங்கே என்று அன்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஈஸ்டர் வார இறுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா நேரத்தில் நம் வீடுகளில் கூட வர ஆளே கிடைக்காது. எந்த வண்டியும் ஓய்வாக இருக்காது. அந்த வாரத்து ஆட்டத்துக்குத் துணையாளை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

3. யாரிடம் எதைக் கேட்பது

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

ஓர் ஆட்டத்துக்குப் பின்னால் நான்கு தரப்பு இருக்கிறது. மைதானம் பெரும்பாலும் நகராட்சியுடையது. டர்பனின் பெரிய மைதானமான மோசஸ் மபிடா, இத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் சொத்து. ஆட்டத்தை நடத்துவது கிளப். டிக்கெட் விற்பது ஒரு தனி நிறுவனம். கேட்டில் நிற்பது ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள். இது தெரியாமல் டிக்கெட் கம்பெனிக்குப் போன் போட்டு லிஃப்ட் எங்கே என்று கேட்டால், "கிளப்பைக் கேளுங்கள்" என்பார்கள். கிளப் "மைதானத்தைக் கேளுங்கள்" என்னும். நாள் ஓடிவிடும்.

ஆகவே கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டடம் பற்றியது எல்லாம் மைதான அலுவலகத்துக்கு: எந்த கேட்டில் சாய்தளம் இருக்கிறது, அந்த கேட் இந்த ஆட்டத்துக்குத் திறக்குமா, பார்க்கிங்கிலிருந்து கேட் வரை தரை எப்படி, லிஃப்ட் வேலை செய்கிறதா, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும். டிக்கெட், துணையாள், பார்க்கிங் பாஸ் எல்லாம் கிளப்புக்கு. ஆட்ட நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இருவரிடமும் ஒரு பெயரும் எண்ணும் வாங்குங்கள்.

"அந்த கேட் திறக்குமா" என்ற கேள்வியை விடவே விடாதீர்கள். கூட்டம் குறைவான ஆட்டங்களுக்கு மைதானத்தின் ஒரு பகுதியை மட்டும் திறப்பார்கள். சாய்தளம் மூடிய பக்கத்தில் இருந்தால், இருந்தும் பயனில்லை.

இன்னொரு கேள்வி: "எனக்கு முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் எனக்கு ஆட்டம் தெரியுமா?" சக்கர நாற்காலி மேடை முன் வரிசைக்கு மேலே உயரமாக இல்லாவிட்டால், கோல் விழும் ஒவ்வொரு தடவையும் முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உயரமான இடம் வேண்டும் என்று கேளுங்கள். எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். மாலை ஆட்டத்தில் மேற்குப் பக்க ஸ்டாண்டில் இருந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் போகும், கிழக்குப் பக்கம் என்றால் நேரே முகத்தில் அடிக்கும்.

2010 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய மோசஸ் மபிடா, நெல்சன் மண்டேலா பே, பீட்டர் மொகாபா போன்ற மைதானங்களிலும், அப்போது பெரிதாக மாற்றிக் கட்டிய எஃப்.என்.பி. மைதானத்திலும் சாய்தளம், லிஃப்ட், சக்கர நாற்காலிக்கான இடம் எல்லாம் கட்டடத்திலேயே உண்டு. டவுன்ஷிப்களில் இருக்கும் சிறிய மைதானங்களில் இதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கமாக எழுதி மின்னஞ்சலோ வாட்ஸாப்போ அனுப்பிவிடுங்கள். "நீங்கள் சொன்னபடி இந்த கேட், இந்த லிஃப்ட், சரியா?" என்று. "சரி" என்று வரும் ஒரு வார்த்தை, ஆட்ட நாளில் கேட்டில் நிற்கும் ஆளிடம் காட்ட உதவும். அவருக்கு உங்கள் தொலைபேசிப் பேச்சு தெரியாது, எழுத்தைக் காட்டினால் மேலாளரைக் கூப்பிடுவார்.

4. திரும்பி வரும் வண்டியை முதலில் பேசுங்கள்

போவது சுலபம். பகல் நேரம், எல்லாரும் ஓய்வாக இருப்பார்கள், டாக்சி கிடைக்கும். இரவு 7.30 ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மணி 9.30 ஆகியிருக்கும். நகர பஸ் ஓட்டம் அதற்குள் முடிந்துபோயிருக்கும். செயலியில் வண்டி கூப்பிட்டால், நாற்காலியைப் பார்த்ததும் ரத்து செய்கிற ஓட்டுநர்களும் உண்டு.

அதனால் திரும்பும் வண்டியை உறுதி செய்த பிறகே மற்றது. சொந்தக் கார் என்றால் மாற்றுத்திறனாளி பார்க்கிங் டிஸ்க் இருந்தால் மட்டும் போதாது. ஆட்ட நாளில் மைதானத்துப் பார்க்கிங்குக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும். மோசஸ் மபிடாவை ஒட்டிய ஐசாயா ன்ட்ஷங்காசே சாலையை அடைத்த பிறகு, டிஸ்க்கை மட்டும் காட்டினால் போலீஸ் உள்ளே விட மாட்டார்கள்.

மினிபஸ் டாக்சி என்றால், நாற்காலிக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்பார்கள். அது நியாயமில்லை. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு நின்று வாதாடும் நிலைமையில் நாம் இருக்க மாட்டோம். கட்டணத்தை முன்பே பேசி முடித்துவிடுங்கள், ஓட்டுநரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. இப்போது டிக்கெட்

இணையத்தில் சாதாரண இருக்கையை வாங்கிவிட்டு, "உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த டிக்கெட்டில் இருக்கும் கேட் எண் படிக்கட்டுப் பக்கமாக இருக்கும், ஸ்கேனர் வேறு கேட்டில் ஏற்காது. கிளப்பிடம் கேட்டு, சக்கர நாற்காலி இடத்துக்கான டிக்கெட்டாகவே வாங்குங்கள். துணையாளின் டிக்கெட்டும் அதே பகுதியில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வாங்கினால்தான் கேட்டில் பிரிக்க மாட்டார்கள்.

6. பை

மருந்து, டாக்டர் கடிதம், குழாய் செட் ஒன்று கூடுதலாக, ஈரத் துண்டு, மழை அங்கி, மாற்றுத் துணி, டயருக்குச் சின்ன பம்ப். குடையைப் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் கூடாது. மின்சார நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கை மூட ஒரு பிளாஸ்டிக் பை அவசியம். மழைத் தண்ணீர் அதற்குள் போனால் நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். முந்தின ராத்திரி முழுசாக சார்ஜ் போடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மின்வெட்டு வந்தால் காலைப் பொழுது போய்விடும்.

7. கேட்டுக்குச் சீக்கிரம் போங்கள்

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே கேட்டில் இருங்கள். 2001 ஏப்ரலில் எல்லிஸ் பார்க்கில் 43 பேர் இறந்தது, நிரம்பிய மைதானத்துக்குள் கடைசி நேரத்தில் கூட்டம் நெருக்கியதால். நெருக்கத்தில் நாற்காலியைத் திருப்ப முடியாது. விழுந்தால் பின்னால் வருபவர்களுக்கு நாம் கண்ணிலேயே பட மாட்டோம்.

மார்ஷலிடம் போனதும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். "சவுபோனா பாபா" (வணக்கம் ஐயா), "சவுபோனா மா" (வணக்கம் அம்மா) என்று ஜூலுவில் மரியாதையாக ஆரம்பித்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அதன் பிறகு எழுத்தைக் காட்டுங்கள். வேகமாக ஆங்கிலத்தில் உரிமை பேசத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. அந்த மார்ஷல் அன்றைக்கு வேலைக்கு வந்தவர், அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உடல் சோதனையின்போது எங்கே தொடக் கூடாது, எந்தக் குழாயை இழுக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

8. இருக்கைக்கு வந்த பிறகு

உட்கார்ந்ததும் மூன்று வேலை. கழிப்பறைக்குப் போய்க் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அப்போதே சாவிக்கு ஆள் அனுப்புங்கள், இடைவேளையில் தேடினால் கிடைக்காது. அடுத்து, அவசரத்தில் வெளியேற வழி என்ன என்று மார்ஷலைக் கேளுங்கள். தீ என்றால் லிஃப்ட் நின்றுவிடும், உங்களை யார் எந்த வழியாக இறக்குவார்கள் என்று அவர் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, முதலுதவிக் குழு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் பெரிய எதிரி. ஆட்டத்தின் மும்முரத்தில் அசையவே மறந்துவிடும். நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஸ்கோர்போர்டில் 15, 30, 45 என்று வரும்போதெல்லாம் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிஷம் எடையை மாற்றுங்கள். இரண்டாம் பாதியிலும் அப்படியே. துணையாளுக்கும் சொல்லிவையுங்கள், தோளைத் தட்டுவார்.

டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஆபத்தானது. கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டிருந்தால் அதற்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், நிழல் பக்கம் கேளுங்கள். இதே ஆட்களுக்குத் திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலியும் முகச் சிவப்பும் வந்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், அல்லது குழாய் மடங்கியிருக்கும். நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாயைப் பாருங்கள். உடனே முதலுதவிக் குழுவையும் கூப்பிடுங்கள். இடைவேளை வரட்டும் என்று பொறுக்கக் கூடாது.

தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது எல்லாரும் செய்யும் தப்பு. கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து குடிக்காமல் வருகிறார்கள். மயக்கமும் சிறுநீர்த் தொற்றும்தான் அதன் பலன். கழிப்பறையை முன்பே உறுதி செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

9. பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்கு

பார்வை இல்லாதவர்கள் சின்ன எஃப்.எம். ரேடியோவும் ஒரு காதுக்கு மட்டும் இயர்போனும் கொண்டுவாருங்கள். ஜூலு புரியுமானால் உக்கோசி எஃப்.எம். வர்ணனை அருமையாக இருக்கும். போனில் இணையம் வழியாகக் கேட்காதீர்கள். அது பல வினாடி பின்தங்கி வரும், பக்கத்தில் எல்லாரும் கோல் என்று கத்தி முடித்த பிறகு உங்களுக்குப் பந்து நடுக்களத்தில் இருக்கும். ரேடியோவில் இல்லாத ஆட்டத்துக்கு, நன்றாகப் பேசிச் சொல்லக்கூடிய துணையாள் வேண்டும்.

காது கேளாதவர்களுக்குச் சிக்கல் ஒலிபெருக்கி அறிவிப்புகள். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023-ல் அதிகாரபூர்வ மொழியானது என்றாலும், கேட்டில் அது தெரிந்தவர் கிடைப்பார் என்று நம்ப முடியாது. "எனக்குக் கேட்காது, அவசரம் என்றால் வந்து தோளைத் தொடுங்கள்" என்று போனில் எழுதிவைத்து, உங்கள் வரிசை மார்ஷலிடம் முதலிலேயே காட்டுங்கள்.

சத்தம் தாங்காதவர்கள், ரசிகர்கள் ஊதும் வுவுசெலா குழலுக்காகக் காது மூடி கொண்டுவர வேண்டும். உங்கள் இடம் ரசிகர் பாட்டுக் குழுவுக்குப் பக்கத்திலா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

10. வெளியூர் ஆட்டம்

முதல் வெளியூர் பயணத்துக்கு ரிச்சர்ட்ஸ் பே நல்லது. என்2 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 180 கி.மீ., அன்றே திரும்பிவிடலாம். ஜோகன்னஸ்பர்க் என்3-ல் சுமார் 570 கி.மீ. போக ஆறு மணி நேரம், அப்புறம் மைதானத்தில் மூன்று நான்கு மணி நேரம், எல்லாம் உட்கார்ந்தே. அன்றே திரும்பினால் தோல் தாங்காது, ஓட்டுநரும் தாங்க மாட்டார். ஓர் இரவு தங்குங்கள். ஹாரிஸ்மித் ஏறக்குறைய பாதி வழி, அங்கே நிறுத்தி இறங்கிப் படுத்து எழுங்கள். குளிர்காலத்திலும் அதை ஒட்டியும் வான் ரீனென் கணவாயின் வானிலையைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் பனி விழுந்து என்3 அடைபட்டு, வண்டிகள் ராத்திரி முழுக்க நின்றன. போர்வையும் இரண்டு நாள் மருந்தும் கூடுதலாக வையுங்கள்.

ரசிகர் கிளை பெரும்பாலும் குவாண்டம் என்ற மினிபஸ் வண்டிதான் பேசும். அதில் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வாசலை ஒட்டிய வரிசையைக் கேளுங்கள். நாற்காலியைக் கதவுக்கு இணையாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால் தாங்கியைக் கழற்றிவிடுங்கள். வண்டி இருக்கை நாற்காலியைவிட உயரம், அதனால் நாற்காலியிலிருந்து இருக்கைக்கு நகர்ந்து போக வைக்கும் பலகை மேல்நோக்கிச் சாயும். பின்னால் ஒருவர், முழங்காலுக்கு முன்னால் ஒருவர் வேண்டும். உதவுகிறவர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்ப்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தோள்மூட்டு விலகிவிடும். இடுப்பையும் தொடையையும் தாங்கச் சொல்லுங்கள். நாற்காலியின் மெத்தையைக் கீழே விடாமல் வண்டி இருக்கைமேல் போட்டு உட்காருங்கள். நாற்காலி பின்னால் பைகளுக்கு அடியில் போகக் கூடாது, பைகள் அதன் கீழே போகட்டும்.

விமானம் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாக. மூன்று குறியீடு உண்டு: டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாதவர், கடைசி எழுத்து எஸ். என்றால் படியும் ஏற முடியாதவர், சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டியவர். தப்பான குறியீடு போட்டால் ஏற்றிவிடும் லிஃப்ட் வண்டி வராது. கழற்றும் லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் பொதுவாக 300 வாட்-அவர் வரை விடுவார்கள், அதைக் கையோடு கேபினில் கொண்டுபோக வேண்டும். மெத்தை, ஜாய்ஸ்டிக், கால் தாங்கி மூன்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் அறையில் உடைவதும் தொலைவதும் அவைதான். இறங்கும்போது நாற்காலி விமானக் கதவுக்கே வர வேண்டும் என்று ஏறும்போதே சொல்லுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து காவ்ட்ரெயின் என்ற வேக ரயில் லிஃப்டோடு கூடிய நல்ல வசதி. பிரிட்டோரியாவின் ஹாட்ஃபீல்டு நிலையத்தில் இறங்கினால் சன்டவுன்ஸ் அணி ஆடும் லோஃப்டஸ் மைதானம் பக்கம்தான். ஆனால் இரவு ஆட்டத்துக்குத் திரும்பும் ரயிலை நம்ப முடியாது, கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்கும் விடுதியில் "வீல்சேர் வசதி உண்டு" என்பதை அப்படியே ஏற்காதீர்கள். குளியலறைக் கதவில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளிக்கும் இடத்தில் படி இருக்கிறதா, கட்டில் எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். கோடையில் மாலை இடி மின்னல், குளிர்காலத்தில் இரவுக் குளிர். டர்பன் துணியோடு போகாதீர்கள். வெளியூர் ரசிகர் பகுதியில் சக்கர நாற்காலி இடம் இல்லாமல் உள்ளூர் ரசிகர்களோடு உட்காரச் சொல்லலாம். நம் ஊரில் அது பெரும்பாலும் சிக்கலில்லை, இரு அணிச் சட்டைகளும் கலந்தே உட்காரும். துணையாள் மட்டும் கட்டாயம் பக்கத்தில் வேண்டும்.

11. வெளியே வருவது

கூட்டத்தோடு வராதீர்கள். ஒன்று, கடைசி விசிலுக்கு ஐந்து நிமிஷம் முன்பு கிளம்புங்கள். இல்லையென்றால் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். நான் இருந்துவிடுகிற கட்சி. லிஃப்ட் காலியாகும், ரோடு திறக்கும், கடைசி கோலும் கையைவிட்டுப் போகாது. ஆனால் லிஃப்டை எப்போது நிறுத்துவார்கள் என்று மார்ஷலிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

12. தவறு நடந்தால், நன்றாக நடந்தால்

அன்றைக்கே குறியுங்கள்: கேட் எண், நேரம், யார் என்ன சொன்னார்கள், படம். முதலில் கிளப்புக்கும் மைதானத்துக்கும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள், அப்போதுதான் ஒருவர்மேல் ஒருவர் தள்ள முடியாது. என்ன மாற வேண்டும் என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள், உதாரணமாக "சாய்தள கேட் எல்லா ஆட்டத்துக்கும் திறக்க வேண்டும்" என்று. பதில் வராவிட்டால் மனித உரிமை ஆணையத்திடம் போகலாம். சமத்துவ நீதிமன்றமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், ஊனத்தால் வரும் தடைகளை நீக்காமல் விடுவதையும் பாகுபாடு என்கிறது. அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே படிவம் கிடைக்கும்.

நன்றாக நடந்தாலும் எழுதுங்கள். எந்த கேட்டில் எந்த மார்ஷல் உதவினார் என்று பெயரோடு கிளப்புக்கு அனுப்பி, அடுத்த ஆட்டத்துக்கும் அவரையே அந்த கேட்டில் நிறுத்தும்படி கேளுங்கள்.